அறுந்த கம்பியில் எப்படி வந்தது கரண்ட்?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். புயல் கரையைக் கடந்து போன பிறகு, திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் நடந்தது இது. நான் மின்கம்பம் ஏறி வேலை பார்க்கிறவன். புயல் என்றால் எங்களுக்கு வீடு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்புறம்தான். அன்றைக்கு ஆள் போதாமல் எங்களைத் தெருவுக்குத் தெரு பிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு வந்தது நானும் என் தோஸ்தும் மட்டும்தான். அவனும் என்னைப் போலக் கம்பம் ஏறுகிறவன். பல வருஷமாக ஒன்றாகவே வேலை பார்க்கிறோம். அவன் என்னை மாமு என்பான், நானும் அவனை அப்படியே கூப்பிடுவேன்.

தெருவில் கணுக்கால் மறைகிற அளவுக்குத் தண்ணீர். முனையில் ஒரு டீசல் பம்ப் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக் கால்வாயில் தள்ளிக்கொண்டு இருந்தது. அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே காதில் விழாது. எங்கிருந்தோ பறந்து வந்த தகர ஷீட் பட்டு, மேலே போகிற கம்பிகளில் ஒன்று நடுவில் அறுந்திருந்தது. ஒரு முனை டிரான்ஸ்பார்மர் பக்கம். இன்னொரு முனை தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து ஒரு காம்பவுண்ட் சுவர் மேல் தொங்கிக்கொண்டு இருந்தது. கடைசிக் கம்பத்தில் ஏறி, அந்தக் கம்பியை இழுத்துக் கட்டி, இந்தப் பக்கத்து முனையோடு சேர்க்க வேண்டும்.

ஜனங்கள் எங்களைப் பார்த்த பார்வையே சரியில்லை. பக்கத்துத் தெருவுக்கு முதல் நாளே கரண்ட் வந்துவிட்டதாம். "அவங்களுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷலு? நாங்க இன்னா இளிச்சவாயனுங்களா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இன்னொருவர் ஒன்றும் பேசாமல் செல்போனில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் தப்பு செய்வோம், அதைப் பிடிக்கலாம் என்று காத்திருக்கிற மாதிரி.

தோஸ்து டிரான்ஸ்பார்மருக்குப் போய் அந்த லைனுக்கான ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டு வந்தான். வரும்போது காதில் போன். வீட்டிலிருந்து பேசுகிறார்கள் போல, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று. அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன். எங்களிடம் எர்த் ராட் ஒரு செட்தான் இருந்தது. வேலை செய்கிற கம்பிகளைப் பூமியோடு இணைத்து வைக்கிற கொக்கி அது. தெரியாமல் கரண்ட் வந்தாலும் ஆளை விட்டு மண்ணுக்குள் போய்விடும். அதை டிரான்ஸ்பார்மர் பக்கம் மாட்டிவிட்டோம். அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம் மாட்ட வேறு செட் இல்லை, இன்னொரு குரூப் கொண்டுபோய்விட்டார்கள்.

கடைசி வீட்டிலிருந்து ஒரு அம்மா டீ கொண்டு வந்தார். அந்தத் தெருவில் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். "எவ்ளோ நேரம் ஆவும்ணா? சீக்கிரம் போட்டு வுட்டுடுங்கணா" என்றார். டீயைக் குடித்துக்கொண்டே நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்க யார் வூட்லயாவது ஜெனரேட்டர் ஓடுதா? இன்வெர்ட்டர் கீதா?" என்று கேட்டேன். ஆளாளுக்கு இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே, "எங்களாண்ட எங்கணா ஜெனரேட்டரு?" என்றார்.

வேலையை ஆரம்பிக்கும் முன் சுவர் மேல் தொங்கிய முனைக்குப் பக்கத்தில் என் டெஸ்டரைக் கொண்டுபோனேன். பேனா மாதிரி இருக்கும், கம்பியைத் தொடவே வேண்டாம், கரண்ட் இருந்தால் கத்தும். கத்தியது.

"மாமு, இங்க வா" என்று கத்தினேன். அவன் வந்து தன் டெஸ்டரை வைத்தான். சத்தமே இல்லை. என்னுடையதை மறுபடி வைத்தேன். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

"மழைல நனைஞ்சு கீது உன்னுது. ஒயரே அறுந்து தொங்குது, அந்தப் பக்கம் எங்கேர்ந்துபா கரண்ட் வரும்?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் காதிலேயே நின்றது. தெருவில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எல்லாமே எதையோ மறைக்கிற முகமாகத் தெரிந்தது. கடைசியில் என் சந்தேகம் எங்கே போய் நின்றது தெரியுமா? என் தோஸ்து மேலேயே. போன் பேசிக்கொண்டே வந்தானே, ஒழுங்காகப் பிடுங்கினானா? வேறு லைன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டானா? தண்ணீரில் டிரான்ஸ்பார்மரை நோக்கி நடந்தேன்.

எல்லா ஃபியூஸும் சரியாகப் பிடுங்கி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. எர்த் ராடும் சரி. திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"பாத்துட்டு வந்துட்டியா? திருப்தியா?"

"அதுக்கில்ல மாமு..."

"இத்தினி வருஷம் கூட வேல செஞ்சிகினு, என்ன நம்பல இல்ல நீ?"

செல்போன்காரர் அதையும் படம் பிடித்தார். பின்னாலிருந்து யாரோ, "இவங்களுக்குள்ளயே ஒத்துவரல, இவங்க எங்க கரண்ட் குடுக்கப் போறாங்க" என்றார். சிரித்தார்கள். தோஸ்துக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. ஏணியைத் தூக்கிக் கடைசிக் கம்பத்தில் சாய்த்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, "தள்ளு, நான் ஏர்றேன்" என்றான்.

அவன் ஏணியில் கால் வைத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி சுவர் பக்கம் போய் டெஸ்டரை நீட்டினேன்.

கத்தியது. விடாமல் கத்தியது.

ஓடிப் போய் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேருமே தண்ணீரில் விழுந்தோம். அவன் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் அவனை இழுத்துக்கொண்டு போய், "உன்னுத வை" என்றேன். வைத்தான். அவனுடையதும் கத்தியது. என் சட்டையிலிருந்த கை தானாக இறங்கியது.

கம்பிக்குப் பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் விரட்டி, கயிறு கட்டினோம். இப்போது சந்தேகம் எங்கள் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. யாரோ பொய் சொல்கிறார்கள். அறுந்த கம்பியின் அந்தப் பக்கத்தில் இருக்கிற சில வீடுகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஆனால் விட்டுவிட்டு வருகிறதே, அது எப்படி? வேண்டுமென்றே யாராவது போட்டுப் போட்டு அணைக்கிறார்களா?

அங்கே மாடி வைத்த வீடு ஒன்றுதான். முதலில் அங்கே போய்க் கதவைத் தட்டினோம். வீட்டுக்காரர் எங்களை முறைத்தார். "இன்வெர்ட்டர் கீது. பேட்டரி தண்ணில மூழ்கிப் போச்சு. வந்து பாரு" என்று உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். கழற்றிப் போட்டிருந்தது. "கரண்ட் குடுக்கத் துப்பில்ல, சோதனை போட வந்துட்டீங்க" என்று வாசல் வரை வந்து திட்டினார். அடுத்த வீடுகளில் தண்ணீர் புகுந்ததால் மெயினை அணைத்துவிட்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பூட்டுத்தான் தொங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரம் தெருவுக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டு இருந்த அந்த டீ கொடுத்த அம்மாவைக் காணோம். கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நல்லவர் மேல் இப்படி நினைக்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனசு அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

முனைக்குப் போய்ப் பம்ப் ஓட்டுகிறவரிடம், "கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே" என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். தெருவே கத்தியது. தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வந்துவிடுமாம். தோஸ்து எனக்கு முன்னால் வந்து நின்றான். "ஒரு உசுரு விஷயம்ணா. நிறுத்துணா" என்றான். அது அவன் உயிர் என்று அவன் சொல்லவில்லை.

பம்ப் நின்றது. முதலில் கடல் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம், கடைசி வீட்டுக்குப் பின்பக்கமிருந்து, மெதுவாக, டுக்கு டுக்கு என்று ஒரு மிஷின் ஓடுகிற சத்தம்.

நாங்கள் பின்பக்கம் போனபோது அந்த அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்.

"இது இன்னாம்மா?" என்றான் தோஸ்து.

"உள்ள வராதீங்கணா. கால்ல வேணா வுழறேன். கனெக்சன மட்டும் புடுங்கிடாதீங்க."

உள்ளே கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மூக்கையும் வாயையும் மூடின முகமூடி, அதிலிருந்து மருந்துப் புகை. நெபுலைசர். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தோள் மேலே ஏறி இறங்கியது. அவருக்கு மூச்சுத்திணறல் வரும்போதெல்லாம் அந்த அம்மா போய் ஜெனரேட்டரைப் போடுவாராம், சரியானதும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அணைத்துவிடுவாராம். என் டெஸ்டர் கத்தியதும் நிறுத்தியதும் அந்த மனுஷனுடைய மூச்சை வைத்துத்தான்.

மிஷினிலிருந்து ஒரு ஒயர் வந்து, சுவரில் இருந்த பிளக்கில் செருகியிருந்தது. இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர். வாடகைக்குக் கொடுத்தவன் அப்படித்தான் மாட்டச் சொன்னானாம், வீட்டில் லைட்டும் ஃபேனும்கூட ஓடும் என்று. மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அதனால் கரண்ட் வீட்டுக்குள் மட்டும் நிற்காமல், மீட்டர் வழியாகத் திரும்பி, சர்வீஸ் ஒயரில் ஏறிக் கம்பத்துக்குப் போயிருக்கிறது. கம்பி அறுந்து, மற்ற வீடுகளும் அணைந்து கிடந்ததால், இந்தச் சின்ன மிஷினே அந்தக் கம்பியை உயிரோடு வைத்திருந்தது.

நான் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. நாங்கள் கனெக்ஷனைப் பிடுங்கத்தான் கதை கட்டுகிறோம் என்று நினைத்தார். "கரண்ட்டு வெளியேர்ந்து உள்ளதானேணா வரும்? உள்ளேர்ந்து எப்டி வெளிய போவும்?" என்று கேட்டார். அவர் பொய்யாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

தோஸ்து ஜெனரேட்டரை அணைக்கக் குனிந்தான். நான் அவன் தோளைத் தொட்டுக் கட்டிலைக் காட்டினேன். அவன் நிமிர்ந்து அந்த மனுஷனைப் பார்த்தான். அப்படியே திரும்பி மீட்டர் பெட்டிக்குப் போய், மெயின் ஸ்விட்சை அணைத்து, அதற்கு மேல் இருந்த ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் இப்போது அந்த வீட்டைத் தாண்டாது. நெபுலைசர் நிற்கவில்லை.

வெளியே வந்து டெஸ்டரை வைத்தேன். சத்தம் இல்லை. அவனும் வைத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தான். அதற்கு அப்புறமும் அவன் ஏறவில்லை. போன் போட்டு அந்த இன்னொரு குரூப்பைக் கூப்பிட்டு, எர்த் ராட் வந்து சேருகிற வரைக்கும் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். "அந்த டெஸ்டர எங்க வாங்கன?" என்று மட்டும் கேட்டான்.

ராட் வந்து, அந்தப் பக்கமும் மாட்டிய பிறகு அவன்தான் ஏறினான். நான் ஏறுகிறேன் என்றேன், விடவில்லை. அந்த அம்மா கீழே வந்து நின்று, அவன் அந்தக் கம்பியை வெறும் கையுறையோடு பிடித்து இழுப்பதைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருடைய வீட்டுக்காரரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே போங்கள் என்று எல்லோரும் சொல்லியும், அவன் கடைசி ஏணிப்படியை விட்டுத் தரையில் கால் வைக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். படம் பிடித்துக்கொண்டு இருந்தவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியை இழுக்கிற கயிற்றில் எங்களோடு கை வைத்தார்.

கரண்ட் வந்ததும், அந்த இரண்டு பக்கப் பின் வைத்த ஒயரைத் தோஸ்து கேட்டு வாங்கி, அங்கேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த ஃபியூஸைத் திரும்ப மாட்டினான். அந்த அம்மாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்த வாட்டி அந்த மருந்து மிஷின ஜெனரேட்டர்லயே நேரா சொருகிக்கமா. எங்களாண்ட சொல்லு. நாங்க ஒண்ணியும் புடுங்க மாட்டோம்" என்றான். ஜெனரேட்டர் தெரிந்தால் கனெக்ஷன் போய்விடும் என்று அவர் பயப்படாமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எங்களைப் பார்த்தால் பயப்படுகிற மாதிரி நாங்களும் இருந்திருக்கிறோம் போல.

இப்போது லைன் ஆஃப் என்று நான் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் என் தோஸ்து நம்புவதில்லை, தானே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைக்கிறான். அவன் என்னை நம்பாமல் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கும் இவன் வீட்டுக்குப் போய்ச் சேருவான் என்று எனக்கு நிம்மதியாக இருக்கிறது.