அவர்கள் வடையை மட்டும் பார்த்தார்கள்

எங்கள் குடும்பங்கள் வந்துசேர அனுமதி கொடுக்காமல் டென்மார்க் அரசு இழுத்தடித்த காலம் அது. மகளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு எஸ்பியர்க் நகரில் காத்திருந்தேன். அகதிப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்திருக்க, நகரசபை ஒரு நிலவறையைக் கொடுத்திருந்தது. அதைக் கூட்டித் துடைப்பது என் வேலை.

கிழமைக்கு ஒருநாள் மனநல ஆலோசகர் ஒருவர் வருவார், டேனிஷ்காரப் பெண். ஒரு சோமாலியப் பையன் அந்த நாளுக்காகவே உயிரோடு இருந்தான் என்று சொல்லலாம். தாய் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. நித்திரையும் இல்லை. அவரோடு கதைத்துவிட்டு வந்தால்தான் ஏதாவது சாப்பிடுவான். அங்கே வந்த ஒன்றிரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து அவனும் என்னை அன்ரி என்பான். தெருவில் எங்களையும் அவனையும் சேர்த்தே கறுப்பர் என்றார்கள்.

அந்த அறைக்கும் ஆலோசகருக்கும் ஒரு வருடக் காசுதான் ஒதுக்கியிருந்தார்கள். தொடர்ந்து கொடுப்பதா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஆள் வந்தால் சும்மா விடுவோமா? வடை சுட்டேன், றோல்ஸ் பொரித்தேன்.

"என்னக்கா, கலியாண வீடோ?" என்று கூட வேலை செய்தவள் நக்கலடித்தாள்.

"பின்னை, வாற சனத்துக்கு முன்னாலை மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

பையனும் அப்படித்தான். தோய்த்த சட்டை போட்டு, தேநீர்த் தட்டை அவனே ஏந்தி வந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தான். விருந்தாளியிடம் வேறு என்ன சொல்வது? அவனுடைய ஊரிலும் அதுதான் முறையாம்.

பிள்ளைகளின் நிலைமையை ஆலோசகர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர்கள் இன்னொரு வடை எடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அறையை மூடச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பிள்ளைகள் தேறிவிட்டார்களாம். காசு வேறொரு பகுதிக்குப் போனது. அங்கே பெடியள் கடைக் கண்ணாடிகளை உடைத்திருந்தார்களாம்.

நான் கதவைப் பூட்டும்போது அவன் வாசலில் நின்றான். "நானும் உடைத்திருக்க வேண்டுமா, அன்ரி?" என்று டேனிஷில் கேட்டான்.

பிறகு அவனை மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தனி அறை, டாக்டர், வாசலில் காவலுக்கு ஒரு தாதி. அதற்கெல்லாம் காசு இருந்தது. நான் கொண்டுபோன வடையை அவன் தொடவில்லை.

இன்றைக்கும் வீட்டுக்கு ஆள் வந்தால் வடை சுடுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் மானத்தைச் சுகமென்று எழுதிக்கொண்டு போனவர்களைத்தான் இந்த வயதிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.