அந்த ஒரு வரி

பிணவறையில் உடல் கழுவும் பெரியவருக்கு ஞாயிறு வந்தால் இருப்புக் கொள்ளாது. தேவாலயத்தில் சபை எழுந்து, தாங்கள் நம்புவதை வரிவரியாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, இறந்தவர்களின் சரீரம் உயிர்த்தெழும் என்ற வரி நெருங்கியதும் செருப்பைத் தேடும் சாக்கில் வெளியே நழுவிவிடுவார்.

“தினம் கழுவுறேன். அதெல்லாம் எழுந்திருக்கும்னு எந்த வாயால சொல்றது?” என்று மனைவியிடம் எரிந்து விழுவார்.

“உங்களால முடியலன்னா சும்மா நில்லுங்க. உங்களுக்கும் சேர்த்து நாங்க சொல்றோம்” என்பாள் அவள்.

அவள் இறந்தபோது அவளையும் அவரே கழுவினார். சளி பிடித்துவிடுமோ என்று பயந்தவர் போல, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அந்த வரி வந்தபோது அவர் நகரவில்லை, வாயும் திறக்கவில்லை. சபை சொல்லிமுடித்து உட்கார்ந்தது. தனியாக நின்றவர், சண்டைக்கு நிற்கும் குரலில் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னார்.