கபூர் சார் உட்கார்ந்த கடைசி சீட்டு

பிரேக் இன்ஸ்பெக்டர் கபூர் சார் இராமநாதபுரத்தில் காலமான செய்தி, செஞ்சி பஸ் நிலையத்தில் என் வேனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. "பெரியவரே, உங்க ஆளு பூட்டாரு," என்றார் பக்கத்து வண்டிக்காரர். 'உங்க ஆளு' என்றது கேலி. ஊரில் அவரை அதிகம் ஏசியவன் நான்தான்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டிகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று தரும் அதிகாரி அவர். மற்றவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். இவர் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னல்களை மூடச் சொல்லுவார். "அவலூர்பேட்டை ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டுங்கண்ணே," என்பார். என் பழைய டீசல் வேனிலிருந்து இருமிக்கொண்டே இறங்கினார். கரும்புகை என்று சான்று தர மறுத்துவிட்டார்.

ரிப்பேர் வேலையை நானே பார்த்துப் பழகியவன். யாரிடமும் போய் நின்றதில்லை. புகை தெரியாமலிருக்க, டீசல் குறைவாகப் போகும்படி பம்ப்பின் திருகைக் குறைத்துக்கொண்டு மறுபடி போனேன். எஃப்.சி. முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம்.

"கொறச்சிட்டு வந்தீங்களா? மேட்டுல முக்குதே," என்று சிரித்தவர், பானெட்டைத் திறந்தார். மண் புகாமலிருக்க ஏர் ஃபில்டர் வாயில் நான் பழைய வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன்.

"காத்து போவாம எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. நீங்க டீசல ஏத்திக்கினே போறீங்க. துணிய அவுத்துட்டு புது ஃபில்டர் போடுங்க."

"இந்த ரோட்டு மண்ணு உங்களுக்கு இன்னா சார் தெரியும்?"

"செஞ்சியில பொறந்தவன கேக்குற கேள்வியா இது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்று மேலதிகாரிக்கு மனு போட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. படுக்கையில் கிடந்த தாயாருக்காகச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கி வந்தவரை இராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்தார்கள். புறப்படும் நாளில் என்னிடம் வந்தார். "கடைசி சீட்டுல கொழந்தய மடியில வெச்சிக்கினு பொம்பளைங்க வர்றாங்க. ஒரு நாள் நீங்களே ஒக்காந்து பாருங்கண்ணே." நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். அடுத்து வந்த அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சான்று கொடுத்தார். கபூர் சாரால் தம் தாயாரின் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை.

அவர் தந்தது தொல்லைதான் என்று இன்றும் சொல்வேன். அந்தக் கையெழுத்தைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அவர் உடலைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கபரஸ்தான் வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்து மகனிடம் சாவியைக் கொடுத்தேன்.

"முன்னாடி ஒக்காரு நைனா."

"நீ ஓட்டு."

கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜன்னல்களை மூடினேன். கோட்டை மலை மறையுமுன் இருமல் பிடித்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தத் துணியை என் கையால் அவிழ்த்தேன். மறுநாளே புது ஃபில்டர் போட்டுப் பம்ப்பையும் அளவாகக் குறைத்தேன். இப்போது அந்த மேட்டில் இருபது பேருடன் வண்டி ஏறுகிறது.

சார், எஃப்.சி.க்கு வண்டி தயார். ஏறி உட்கார்ந்து பார்க்கத்தான் நீங்கள் இல்லை. போய் வாருங்கள்.