சிந்தாத குருதி

எல்லைத் தகராறு ஓய்ந்து, எங்கள் ஊர் ஆந்திரத்திலும் என் தந்தை நைனாவுக்கு மருத்துவம் பார்த்த வேலூர் சென்னை மாநிலத்திலுமாக நிலைத்துவிட்ட காலம் அது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வேலூர் போய்வருவதே அவருக்குப் பெரும்பாடு. அவ்வளவு பருமன். இருவர் அமரும் இருக்கையை அவரே நிரப்பிவிடுவார். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நின்று வருவாள்.

அவருடைய நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை. ஓடும், தயங்கும், மீண்டும் தாவும். அவ்வாறு துடிக்கும் இதயத்தில் குருதி தேங்கிக் கட்டியாகலாம் என்றும், அக்கட்டி மூளையை அடைந்தால் ஆள் சாய்ந்துவிடுவார் என்றும் மருத்துவர் விளக்கினார். குருதி எளிதில் உறையாதிருக்க ஒரு மாத்திரை தந்தார்.

"இம்மாம் பெரிய உடம்புக்கு இந்தப் பொட்டு மாத்திரை எங்க சார் பத்தும்?" என்றார் நைனா.

"உடம்ப மட்டும் பாத்துக் குடுக்கற மருந்து இல்லைங்க. ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாத்துப் பாத்துத்தான் ஏத்தணும். உங்களுக்குக் கொஞ்சம் கூடவே வேண்டியிருக்கும்."

மாதக்கணக்கில் ஏற்றினார்கள். போகும்போதெல்லாம் சதை மூடிய கையில் நரம்பைத் தேடிக் குருதி எடுத்தார்கள். மருந்தின் அளவு படியவில்லை. மருந்து பிடித்தால் திருமலையில் முடி கொடுப்பதாக நைனா வேண்டிக்கொண்டார். பிறகு ஒரு நாள் படிந்தது. ஒரு வேளையும் விடக்கூடாது என்று சொல்லி மருத்துவர் அனுப்பினார்.

மலைக்குப் போக நாள் குறித்த பின்னர், ஊர் நாவிதர் முகம் மழிக்கையில் கத்தி மோவாயில் இலேசாகப் பட்டது. துண்டு நனைந்தும் குருதி நிற்கவில்லை.

"இன்னா பெரியவரே, கொழா மாரி ஊத்துது! மலை மேல மொட்டை போட்டா ஏழுமலையானுக்கே அபிஷேகம் பண்ணிடுவீங்க போல!"

நைனா சிரிக்கவில்லை. பெருமாளின் இடத்தில் குருதி சிந்துவதைப் பெருந்தீட்டாகக் கருதியவர் அவர். அன்றே மாத்திரைப் புட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"மாத்திரை துன்னலையா?" என்றாள் அம்மா.

"மொட்டை போட்டுக்கினு வந்து துன்றேன் மே. அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது? சாமிகிட்டதான போறோம்."

எங்கள் வீட்டில் எவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. மலைக்குப் போகுமுன் கறியையும் மீனையும் விலக்குவதுபோல மாத்திரையையும் விலக்கினோம்.

திருமலையில் கத்தி அவருடைய பெரிய தலையைச் சுற்றி வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. சந்தனம் பூசிய தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். "பாத்தியாமே? ஒரு கீறல் கெடையாது!"

கீழே இறங்கித் திருப்பதியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்தோம். பிசைந்த சோற்றுடன் எழுந்த கை பாதியில் நின்றது. கவளம் மடியில் விழுந்தது. அம்மாவிடம் ஏதோ சொல்ல முயன்றார். ஒலி வந்தது, சொல் வரவில்லை. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. அவரைத் தூக்க விடுதி ஆட்கள் எல்லாரும் கூடவேண்டியிருந்தது.

வேலூரில் குருதி உறையும் நேரத்தைச் சோதித்த மருத்துவர் மழித்த தலையைப் பார்த்தார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

"ரத்தம் வந்தா சாமிக்கு ஆவாதுன்னு அவரேதான் சார்..." என்றாள் அம்மா.

"கத்திரியால நாலு முடி வெட்டிக் குடுத்திருந்தாலும் சாமி ஏத்துக்கினு இருப்பாரேம்மா," என்றார் அவர். கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் அம்மா தாங்கியிருப்பாள்.

வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் இழந்து, நைனா சில ஆண்டுகள் இருந்தார். மாத்திரை மீண்டும் தொடங்கியது. அம்மாவே அதை அவர் நாவில் வைத்துத் தண்ணீர் புகட்டுவாள். அதுநாள்வரை கணவரை ஒருமையில் அழைத்தறியாதவள், இப்போது குனிந்து, "முழுங்கிட்டியா? எங்க, வாயக் காட்டு," என்பாள்.

அவர் வாயைத் திறந்து காட்டுவார். அவள் விரலை விட்டு, நாவின் அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துழாவிப் பார்ப்பாள்.