நாலாம் நம்பர் முகம்

நாலு மாடி உயர்ந்து நின்ற அந்தத் துணிக்கடையின் அடித்தளத்தில், வாங்கிய உடைகளை அளவு திருத்திக் கொடுக்கும் பிரிவு இருந்தது. பதினோரு வருடமாக அங்கே தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, வாயும் கொஞ்சம் குத்தும். பேன்ட் நீளத்தைக் குறைக்க வருகிறவர்களிடம், "பேன்ட்டு நீளமெல்லாம் இல்ல சார், நீங்கதான் கொஞ்சம் சிக்கனமா வளர்ந்துட்டீங்க" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே நின்று வாங்கிப் போவார்கள்.

இந்தப் பேச்சுதான் அவளை மேலே கொண்டுபோனது. தரைத்தளத்தில் அழகுப் பொருட்கள் விற்கும் கவுன்டரில் இருந்த பெண் வேலையை விட்டுவிட, மேனேஜர் படியிறங்கி வந்தார். "உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. நாளையிலேர்ந்து மேல நில்லுங்க" என்றார். நாற்பத்தோரு வயதில், டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து சூரிய வெளிச்சத்துக்குப் போகிறோம் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. கவுன்டரில் நிற்கிறவர் முகத்தில், அந்தப் பொருட்களை அனுப்பும் கம்பெனியின் நிறப்பூச்சு இருந்தாக வேண்டும். கம்பெனி நான்கு ஷேட்தான் அனுப்பியிருந்தது. ஒன்று பால் மாதிரி. நான்கு கொஞ்சம் பழுப்பு. எண்கள் அதோடு நிற்காமல் போயிருந்தால் ஊசியக்காவின் நிறம் எட்டிலோ ஒன்பதிலோ வந்திருக்கும்.

"நாலாம் நம்பரைப் போட்டுக்குங்க. லேசா வெளுப்பாத் தெரியும், அவ்வளவுதான்" என்றார் மேனேஜர்.

முதல் நாள் காலை, கண்ணாடி முன் நின்று ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றிப் போட்டுக்கொண்டாள். கடை வாசலில், பதினோரு வருடமாக வணக்கம் சொன்ன காவலாளி அடையாள அட்டை கேட்டார். மத்தியானம் சாப்பாட்டு அறையில் தையல் பிரிவுத் தோழி ஒருத்தி, "முகம் ஒரு ஊரு, கழுத்து ஒரு ஊரா இருக்கேக்கா. நடுவுல செக்போஸ்ட் ஏதும் வச்சிருக்கியா?" என்றாள். ஊசியக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அடிபட்ட கதவு ஒன்றைக் கொடுத்தால், மிச்ச வண்டியின் நிறத்துக்குப் பொருந்தும்படி கலவை சேர்ப்பதில் பெயர் எடுத்தவர். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"கதவும் பானெட்டும் ஒத்து வரல."

"நான் என்ன காரா?"

"காரா இருந்தா நாளைக்கே சரி பண்ணிடுவேனே" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

ஆனால் அந்த மாதக் கடைசியில் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, "எங்கண்ணன் பொண்ணு பாக்கப் போனப்ப கரண்ட் போயிடுச்சு போல" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிக்கிறவள். பதினெட்டு வருடமாக அந்த நகைச்சுவைக்கு ஊசியக்காவும் சிரித்து வைத்திருந்தாள். அன்று நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்து, "அண்ணி, நல்லா நிறம் வந்துட்டீங்களே" என்றாள். அதில் கேலி இல்லை.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அதன் பிறகு விடுமுறை நாளிலும், காய்கறி வாங்கக் கடைக்குப் போகும்போதும்கூட அவள் நாலாம் நம்பர் இல்லாமல் படியிறங்கவில்லை.

மூன்றாவது மாதம் தாடையோரத்தில் பொடிப் பொடியாகக் கிளம்பியது. முதலில் வெறும் அரிப்பு. பிறகு எரிச்சல், பிறகு தோல் மீன் செதில் மாதிரி உரிந்தது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போட்டாள். பூசி மெழுகுவது என்பதை மற்றவர்களைப் பற்றிய பேச்சில்தான் கேட்டிருந்தாள். இப்போது தினமும் காலை ஏழரை மணிக்குத் தன் முகத்திலேயே செய்தாள்.

"துரு மேல பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் உரியறப்ப தகடும் சேர்ந்து வந்துடும்" என்றார் கணவர்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை அவள். மூன்றாம் நாள் அவர் அரை நாள் லீவு போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இருவரும் தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வயதான பெண்மணி. விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் முகத்துல எதுவும் படக் கூடாது" என்றார்.

"என் வேலையே அதுதான் டாக்டர்."

"வேலைக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. தோலுக்கு இருக்கு."

மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். "எனக்குப் புரியுது, ஆனா வெறும் முகத்தோட நிக்க வச்சா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க" என்று கையை விரித்தார் அவர். திரும்பவும் அடித்தளத்துக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் களிம்பு, கடையில் நாலாம் நம்பர் என்று ஓட்டினாள்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டீச்சர் கவுன்டருக்கு வந்தாள். ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள், ஊசியக்காவின் வயதுதான், அவளுடைய நிறம்தான். மகனுக்குப் பட்டமளிப்பு விழா வருகிறதாம். இத்தனை வருடம் பவுடருக்கு மேல் எதுவும் போட்டதில்லையாம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. உங்க முகத்துல இருக்கிறதையே குடுத்துடுங்க. உங்களுக்கு நல்லா இருக்கு" என்றாள்.

அந்த நேரத்தில் ஊசியக்காவின் தாடை பூச்சுக்கு அடியில் தீயாக எரிந்துகொண்டிருந்தது. அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். ஒரு நொடி வைத்திருந்தாள். "இதுதாங்க, நாலாம் நம்பர். தினமும் போட்டுப் பழகினா விழாவுக்கு நல்லா அமையும்" என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தாள்.

பத்தாவது நாள் டீச்சர் திரும்ப வந்தாள். கைக்குட்டையால் வாயையும் தாடையையும் பொத்தியிருந்தாள். கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே சிவந்து கிடந்தது. சண்டைக்கு வந்தவளின் நடை இல்லை அது.

"நான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன் போல" என்றாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? எப்படிப் போடணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுக்கறீங்களா?"

இதற்கென்று கம்பெனி சொல்லிக் கொடுத்த பதில்கள் இருந்தன. தண்ணீர் மாறியிருக்கும், வெயில் ஒத்துக்கொண்டிருக்காது, சாப்பாடு சேர்ந்திருக்காது. ஊசியக்கா மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சை எடுத்தாள். பூச்சைக் கலைக்கும் நீரில் நனைத்து, தன் வலது கன்னத்தைக் காதிலிருந்து தாடை வரை அழுத்தித் துடைத்தாள். பக்கத்தில் லிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"உங்க மேல தப்பில்லங்க. எனக்கும் ஒத்துக்கல."

டீச்சர் அந்தக் கன்னத்தையே பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"நீங்க வாங்கறதுக்கு முன்னாலேர்ந்து."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டீச்சர் பாட்டிலைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாளே ஊசியக்கா அடித்தளத்துக்கு இறக்கப்பட்டாள். தையல் பிரிவில் அவளுடைய பழைய மெஷின் மேலிருந்த துணிமூட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்கள். வீட்டில் கணவர் ஆறுதல் சொன்னார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கம்பெனி அனுப்பினதை நீ வித்தே."

"அம்புக்கு வாய் இருந்துச்சேங்க" என்றாள் அவள்.

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம், டீச்சரின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். பள்ளியின் பெயரை, முதலில் வாங்க வந்த அன்று டீச்சர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். வெறும் முகத்தோடு பஸ்ஸில் போயிருந்தாள். கையில் டாக்டரின் சீட்டு. டீச்சர் வெளியே வந்து அவளைக் கண்டதும் நின்றாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தான். அப்புறம், ஒரு நல்ல டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போகலாம்னு."

"புதன்கிழமை விழா. நான் போகப் போறதில்ல. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவன் பக்கத்துல எப்படி நிக்கறது?"

"நான் இந்த மூஞ்சியோடதான் பஸ்ல வந்தேன். ஒருத்தர் எழுந்து இடம் குடுத்தாரு. எவ்வளவு மரியாதைன்னு நெனச்சேன். பாத்தா, அவரு கடைசி சீட்டுக்கே ஓடிட்டாரு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கன்னம் வலித்தது, கையால் பிடித்துக்கொண்டாள். கோபம் முழுக்கப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் கூடவே நடந்தாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ஒரே பாட்டிலா?" என்று கேட்டார்.

புதன்கிழமைக்குள் வீக்கம் பாதிதான் வடிந்தது. டீச்சர் விழாவுக்குப் போனாள். பிறகு ஒரு நாள் தையல் பிரிவுக்கு வந்து போட்டோவைக் காட்டினாள். மகன் தோளில் கை போட்டிருக்க, அவள் கன்னத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஊசியக்காவின் முகம் ஆற மூன்று மாதம் ஆனது. தாடையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு மட்டும் போகவில்லை. "என்ன அண்ணி, பழையபடி ஆயிட்டீங்க?" என்று நாத்தனார் கேட்டபோது, "பழையபடி ஆகறதுக்குத்தான் மூணு மாசம் மருந்து போட்டேன்" என்றாள். நாத்தனார் அன்று காபி குடிக்காமலே கிளம்பினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வெளுத்த முகம் சில காலைகளில் அவள் நினைவுக்கு வரும். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த வருடம் கடை வேறு கம்பெனியின் பொருட்களை இறக்கியது. பதினாறு ஷேட். கவுன்டரில் யாரும் நிலைக்கவில்லை. மேனேஜர் மறுபடி படியிறங்கி வந்தார். என் முகத்தில் எதுவும் போடச் சொல்லாவிட்டால்தான் வருவேன் என்றாள் ஊசியக்கா. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். பத்து நாள் கழித்துச் சரி என்றார்.

இப்போது அங்கேதான் நிற்கிறாள். வாங்க வருகிறவர்களின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தடவி, அரிக்கிறதா என்று பார்த்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்புகிறாள். பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. போன வாரம் ஒரு பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணுமே போடலையே?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒத்துக்காதுங்க. உங்களுக்கு எப்படின்னு பாக்கலாம், முடியைக் கொஞ்சம் ஒதுக்குங்க" என்றாள் ஊசியக்கா.