ஈரல் கெட்ட நாய்க்கு வைத்த சோறு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மீன்தலை தின்ற ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டு நாய் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றது. வாயால் வீணீர் வடிந்தது.
2. மிருக வைத்தியர் இரத்தம் சோதித்து, ஈரல் நெடுநாளாகக் கெட்டிருக்கிறது என்றார். மீன், இறைச்சி, எலும்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.
3. சோயா, குழைந்த சோறு, பூசணி, மருந்து என்று மூன்று மாதம் நான் சமைத்துக் கொடுத்தேன். நாய் தேறியது.
4. வேலையிடத்தில் என்னை இரண்டு வாரப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சமையலை அம்மாவிடம் விட்டு, ஒரு பட்டியலும் எழுதிவைத்துப் போனேன்.
5. நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. வீடு முழுக்கச் சைவம்.
6. நான் திரும்பி வந்த அன்று நாயின் பல்முரசு வெள்ளைக் கடதாசி போல இருந்தது. அதன் சிறுநீர் தேயிலைச் சாய நிறம்.

பிழை நான்காவதில் இருக்கிறது. ஐந்தாவதில் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வீடு சுன்னாகத்துக்குப் பக்கத்தில், தோட்டக் காணிகளுக்கு நடுவில். அப்பா வெங்காயம் செய்கிறார். நாய்க்கு அப்போது ஆறு வயது. அதுவரை நாங்கள் தின்று மிஞ்சியதைத் தின்று வளர்ந்த நாய்.

இறைச்சியை ஏன் நிறுத்தவேண்டும் என்பதை வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இறைச்சி உடலில் உடையும்போது வரும் கழிவைக் கெட்ட ஈரலால் அகற்ற முடிவதில்லை. அது மூளைக்கு ஏறுகிறது. சுவரில் தலையை அழுத்தியது அதனால்தான். சோயாவை அந்த ஈரல் ஓரளவு தாங்கும். ஆனால் அளவு தவறக்கூடாது, உயிர்ச்சத்துக் குளிசை சேர்க்கவேண்டும், ஒரு நாள் சாப்பாட்டை நான்காகப் பிரித்து வைக்கவேண்டும். எல்லா நாய்க்கும் இது சரிவராது என்றும் சொன்னார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கடைசியாக, "வெங்காயம், உள்ளி கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ" என்றார். அதை எழுதவில்லை. அவித்த சோயாவுக்கு யார் வெங்காயம் போடுவார்கள் என்று நினைத்தேன்.

காலையில் நான் சமைத்து நான்கு பங்காக்குவேன். சோயா மீற் பெட்டிக்குள் இருக்கும் மசாலாப் பொட்டலத்தை எடுத்து எறிந்துவிடுவேன். பகலில் இரண்டு பங்கை அம்மா வைப்பார். வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

"பாவம். உப்புமில்லை, ஒரு மணமுமில்லை. நீ தின்னுவியோ இதை?" என்று என்னைக் கேட்பார்.

"எனக்கு ஈரல் கெடேல்லை, அம்மா."

பக்கத்து வீட்டு மாமிக்கு இது பெரிய பகிடி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, உவர் இண்டைக்கும் விரதமோ? இனித் தீட்சையையும் குடுத்துவிடுங்கோவன்" என்பார். அம்மா சிரிப்பார். ஆனால் அம்மாவுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் நாய் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

கொழும்புக்குப் போக முன்னர் நான் எழுதி ஒட்டிய பட்டியலில் பதினொரு வரிகள் இருந்தன. எத்தனை கிராம் சோயா, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு எந்தக் குளிசை. சேர்க்கக்கூடாதது என்று ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில்: மச்சம் கூடாது. நான் வேலை பழகிய இடத்தில் முதலாவதாகச் சொல்லித்தந்தது, குறிப்பு எழுதும்போது செய்யக்கூடாதவற்றை முதலில், ஒன்றும் விடாமல் எழுதவேண்டும் என்பது. ஒரு குப்பி இரத்தத்துக்கு அதைச் செய்கிறேன். வீட்டுக்குச் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. நாயின் சோயாவுக்கென்று மூன்றாவதாக ஒரு சிறிய சட்டி இருந்தது. மீன் காய்ச்சிய சட்டி அதில் படக்கூடாது என்பதுதான் காரணம் என்று அம்மா விளங்கிக்கொண்டிருந்தார். கொடி ஏறியதும் மச்சச் சட்டிகளைக் கழுவி வீட்டுப் பின்பத்திக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டார். குசினி முழுக்கச் சைவமாகிவிட்டது. பிறகு தனிச்சட்டி எதற்கு? எங்கள் சோயாக் கறியிலேயே, தூள் போடுமுன் நாய்க்கு ஒரு பங்கு எடுத்துவைத்தார். உப்பில்லை, தூளில்லை, தேங்காய்ப்பாலில்லை. வதக்கிய வெங்காயம் மட்டும் இருந்தது. அதுவும் கை நிறைய, எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயம்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சாப்பிட்டதோ?"

"சாப்பிட்டதோவோ? சட்டியை நக்கி வைச்சிருக்கிறான். நீ இருக்கேக்கை ஒருநாளாவது உப்பிடித் திண்டவனோ?"

கொப்பியில் 'பசி நன்று' என்று எழுதினேன். பதின்மூன்று நாள் எழுதியிருக்கிறேன். கடைசி நாலைந்து நாளில் "வெயிலுக்குப் படுத்தே கிடக்கிறான்" என்று அம்மா சொன்னதையும் எழுதி, பக்கத்தில் 'வெப்பம்' என்று குறித்திருக்கிறேன். அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். எறிய முடியவில்லை.

வந்த அன்றே அப்பாவும் அம்மாவும் நானுமாக நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வைத்தியர் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"வாங்கோ தங்கச்சி, நீங்களும் பாருங்கோ. உங்கடை வேலைதானே."

பார்த்தேன். சிவப்பணுக்களின் விளிம்பில் சிறிய மொட்டுகள், ஒன்றிரண்டில் இல்லை, பார்க்கும் இடமெல்லாம்.

"வெங்காயம் குடுத்தனீங்களோ?"

அம்மா, "கறிக்குப் போடுறதுதானே" என்றார்.

அப்பா முன்னுக்கு வந்தார். "எங்கடை தோட்டத்து வெங்காயம் டொக்டர். வீட்டுக்கு எண்டு மருந்தடிக்காமல் செய்த பாத்தி."

"மருந்தாலை இல்லை ஐயா. வெங்காயம்தான். நாயின்ரை இரத்தத்தை அது உடைக்கும்."

அப்பா பின்னுக்குப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "நீ எழுதேல்லையே பிள்ளை" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

நான், "உங்களை நம்பி ஒரு நாயைக்கூட விட்டிட்டுப் போகேலாது" என்றேன்.

அங்கே இரண்டு பேர் ஆட்டுக்குட்டிகளோடு காத்திருந்தார்கள். ஓட்டோக்காரர் வாசலில் நின்றார். எல்லோருக்கும் கேட்டது. என்னிடம் கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது. பயத்தை அம்மாவின் தலையில் இறக்கினேன். கொப்பியில் எழுதாமல் விட்ட வரி எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. வந்ததால்தான் அப்படிச் சொன்னேன்.

வேறு நாயின் இரத்தம் ஏற்ற அங்கே வசதி இல்லை. சேலைனும் ஊசியுமாக ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் நாய் தானாக எழுந்து நின்றது. முரசில் மெல்லச் சிவப்பு ஏறியது. ஈரல்தான் முன்னிருந்ததைவிட மோசம். அந்த இரண்டு வாரம் அதற்கும் சுமையாகிவிட்டது என்றார் வைத்தியர். "இனி நேரம் தவறாமல் நாலு தரம் வையுங்கோ. ஒரேயடியாகக் கனக்க வைச்சால் தாங்காது."

வீட்டுக்கு வந்து புதிய பட்டியல் எழுதினேன். கூடாதவை முதலில், பதினாறு. அம்மா அதற்கும் நாயின் சட்டிக்கும் கிட்டப் போகவில்லை. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். முதல்தரம், "நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். இரண்டாம் தரம், "இன்னொரு பிழை வந்தால் அதுவும் என்ரை தலையிலை. நீயே பார்" என்றார். நாய் தட்டைக் கவ்விக்கொண்டு போய் அம்மாவின் காலடியில் நிற்கிறது. அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்.

இப்போதைய நிலை இது. நாய் உயிரோடு இருக்கிறது. நான்கு நேரம் சாப்பிட வேண்டிய நாய் இரண்டு நேரம் சாப்பிடுகிறது, வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம். அப்பா பகலில் தோட்டத்தில். சில பின்னேரங்களில் நான் வரும்போது அது மறுபடியும் சுவரோடு நிற்கிறது.