போன் பேசினதுக்குத்தானா?

இன்று மத்தியானம் அப்புத்தளை வளைவில் பொலிஸ் கை காட்டியபோது, வேனை ஓட்டிக்கொண்டே மனைவியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"பொலிஸ் மறிக்குது, வைக்கிறேன்" என்று சொல்லிப் போனை சீட்டில் போட்டேன்.

பழக்க தோஷத்தில் இறங்கி நின்று, கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினேன். "பொறந்தது பதுளைதாங்க சேர், வடக்குப் பக்கம் போனதே இல்லீங்க" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உளறினேன். எங்கள் பக்கத்துக் கடைக்காரரைப் புலிச் சந்தேகத்தில் விசாரணைக்கென்று இப்படித்தான் ரோட்டில் வைத்து ஏற்றிப்போனார்கள். மனுஷன் இன்னும் வீடு வரவில்லை.

பொலிஸ்காரர் என் அட்டையைப் பார்க்கவே இல்லை. "லைசன்ஸைக் குடு. போன் பேசிக்கிட்டு ஓட்டினதுக்குத் தண்டம்" என்றார்.

"அவ்வளவுதானா சேர்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். முறைத்தார்.

தண்டச் சீட்டோடு கிளம்பியதும் போன் அடித்தது. மனைவிதான். ஒரே பனிமூட்டம், ஒதுக்கி நிறுத்த இடமில்லை. எடுத்தால் அடுத்த வளைவில் இன்னொரு பொலிஸ் நிற்கலாம். எடுக்கவில்லை. அது விடாமல் அடித்தது. பிறகு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைத் தேடிப் பொலிஸுக்குக் கிளம்பிவிட்டாளாம். கையில் என் போட்டோ.

சொல்லுங்க, நீங்களா இருந்தா போனை எடுத்திருப்பீங்களா?